குலுக்கினால் போதும்

அரபு நாட்டுக்குப் புறப்படுகிறவர்களுக்கு நம் பக்கத்தில் சொல்லி அனுப்புவதெல்லாம் ‘கூடாது’களாகத்தான் இருக்கும். நான் ஓமானில் இருக்கிற மஸ்கட்டுக்குக் கிளம்பியபோது பாளையங்கோட்டை வீட்டில் கட்டின பெட்டியை மறுபடி பிரித்தார்கள். குருமாப் பொடியில் கசகசா விழுந்திருக்குமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். வளைகுடா நாடுகள் பலவற்றில் கசகசாவுக்குத் தடை, பெட்டியில் அகப்பட்டால் போதைப்பொருள் வழக்கு என்பது எங்கள் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில் இருந்த தெரு அது. சித்தி தன் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தாள். கை தெரிய உடுத்தக் கூடாது. கண்ட இடத்தில் படம் பிடிக்கக் கூடாது. பெரியவர்கள் முன்னால் காலை நீட்டக் கூடாது. இடது கையால் கொடுக்கல் வாங்கல் கூடாது. கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அப்பா, “இதுக்கு அரபு நாட்டுக்கா போகணும்? உங்க அம்மை இங்கயே அடிச்சிருப்பாளே” என்றார்.

சித்தி சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனால் அத்தனை கூடாதுகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டு மஸ்கட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு, ஓர் ஓமானி வீட்டு வாசல்படியை மிதிக்காமலே ஒருவர் ஊர் திரும்பிவிடலாம். அப்படித் திரும்பினவர்கள் நிறையப் பேர். படியைத் தாண்டி உள்ளே போகிறவர்களுக்கு வேறொரு வித்தை வேண்டும். கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். நம்மை வளர்த்த விதத்தில் அதுதான் கஷ்டம்.

நாங்கள் குடியிருந்தது மஸ்கட்டின் அல் குவைர் பகுதியில். ஃபிளாட்டுகளுக்கு நடுவே பழைய வில்லாக்களும் உண்டு. மஸ்கட் நகராட்சிக்கு வெள்ளையும் அதை ஒட்டிய நிறங்களும்தான் பிடிக்கும் என்பதால் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கும். பக்கத்து வில்லாவில் ஒரு பெரிய குடும்பம், அதற்குத் தலைவியாக ஒரு பாட்டி. மருமகள் பள்ளிக்கூட டீச்சர். ஆங்கிலமும், சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட இந்தியும் பேசுவாள். நாங்கள் குடிபோன வாரமே அவளுடைய சின்னப் பையன் ஒரு தட்டு பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் அல்வாவும் கொண்டுவந்தான். திருநெல்வேலிக்காரி வீட்டுக்கே அல்வா! ஓமானி அல்வா வேறு வகை. கோதுமைப் பால் கிடையாது. மாவுச்சத்து, சீனி, நெய், குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர் எல்லாம் சேர்த்துப் பெரிய செம்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கிண்டுகிறார்கள். நன்றாகவே இருந்தது. ஊருக்கு எழுதும்போது மட்டும் சுமார் என்று எழுதினேன்.

அந்த வீட்டுப் பெண்கள் அறையில் நாற்காலி இல்லை. சுவரோரம் நீள மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு, நடுவில் விரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் முதலில் பாட்டிக்கு, அப்புறம் வலதுபக்கமாக வரிசையில் ஒவ்வொருத்திக்கும் சலாம் சொல்லி உட்கார வேண்டும், உள்ளங்கால் யாரையும் பார்க்காதபடி. பழம் வந்தது. பழத்துக்கு அப்புறம் அல்வா. விரல் கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதன் பிறகுதான் கஹ்வா.

ஊற்றியது அந்த வீட்டின் கடைசிப் பெண், பத்து வயசு இருக்கும். இடது கையில் தல்லா என்கிற கூர்மூக்குக் கூஜா. வலது கையில் பிடியில்லாத சின்னப் பீங்கான் கோப்பைகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி. ஃபின்ஜான் என்பார்கள். அவள் விரலை அசைத்தால் அவை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். கூஜாவை உயர்த்தி ஒரு வீச்சு, அவ்வளவுதான். கோப்பையில் பாதிகூட நிறையாது. நிறைத்துக் கொடுத்தால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று ஆகிவிடும். பால் இல்லை, சீனி இல்லை. லேசாக வறுத்த கொட்டையும் ஏலக்காயும் சேர்ந்து, நிறம் வைக்கோல் ஊறின தண்ணீர் போல இருக்கும். இனிப்புக்குப் பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொள்ள வேண்டும். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைப்பதில்லை. ஊற்றுகிறவள் முன்னாலேயே நிற்பாள், அவள் கையில் திருப்பித் தர வேண்டும். சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவாள். போதுமென்றால் இரண்டு விரலில் பிடித்து இடமும் வலமுமாக லேசாகக் குலுக்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒன்றாவது குடிக்காமல் விடக் கூடாது, மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அரபுக் காபி உபசாரத்தை 2015-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் சிறுமிதான் நினைவுக்கு வந்தாள். கூஜாவின் கனத்துக்கு இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு நின்றவள்.

நம் வீடுகளில் ‘வேண்டாம்’ என்பது மரியாதையின் முதல் படி. “இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்” என்று வந்தவர் சொல்ல வேண்டும். “அதெல்லாம் முடியாது” என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். மூன்றாவது சுற்றில் “சரி, பாதி டம்ளர்” என்று ஒப்பந்தம் ஆகும். ஓமானில் வற்புறுத்தல் இதைவிடப் பலமாக இருக்கும், ஆனால் முதல் கோப்பைக்கு வேண்டாம் என்றால் நீட்டிய கையைத் தட்டிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பாலைவனத்துப் பதூக்களிடம் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. காரியமாக வந்தவர் கோப்பையை வாங்கி முன்னால் வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். கேட்டதைச் செய்துதருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்த பிறகுதான் குடிப்பார். குடிக்காத காபிக்கு அப்படி ஒரு பாரம் உண்டு அந்த ஊரில். நம்மவர்கள் அதைத் தெரியாமல் “சுகர் இருக்கு சார்” என்று சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். சீனியே போடாத காபிக்கு.

அம்மா ஒரு வருஷம் எங்களோடு இருக்க வந்தாள். அவளுக்கு எல்லாமே நம்ம ஊர் மாதிரித்தான். வலது கையால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா, நம்ம ஊர் மாதிரி. மூத்த பிள்ளை பெயரைச் சொல்லி இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா என்று கூப்பிடுகிறார்களா, நம்ம ஊர் மாதிரி. குழந்தையைப் பார்த்து அழகு என்று சொன்னால் கூடவே ‘மாஷா அல்லா’ சொல்ல வேண்டும் என்றதற்கு, “கண்ணு பட்டுரும்லா” என்று உடனே ஒத்துக்கொண்டாள். எனக்கு இதில் ஒரு எரிச்சல் உண்டு. ஒன்றுபோலத் தெரிகிற இடத்தில்தான் கால் இடறும் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். “நீ ரொம்பப் படிச்சிட்டட்டி” என்றாள்.

பாட்டி பிறந்தது சான்சிபாரில். ஓமான் சுல்தான் சயீத் பின் சுல்தான் 1840 வாக்கில் தன் இருப்பிடத்தையே அந்தத் தீவுக்கு மாற்றிக்கொண்டவர். கிராம்புத் தோட்டமும் கடல் வியாபாரமும் ஓமானிகளை அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1964 ஜனவரிப் புரட்சியில் எல்லாம் போயிற்று. அரபுக் குடும்பங்களில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களில் பலர் கிடைத்த படகில் ஏறினார்கள். 1970-இல் காபூஸ் சுல்தானாகி, வெளியில் இருக்கிற ஓமானிகளை ஊருக்குத் திரும்பி வரச்சொன்னபோது திரும்பிய குடும்பங்களில் இவர்களும் ஒன்று. வீட்டுக்குள் சுவாஹிலிதான் பேச்சு. அதனால் பாட்டிக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. அது இரண்டு பேரையும் தடுக்கவில்லை. தேங்காயைப் பற்றி மட்டும் அவர்கள் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். துருவுவது, பிழிவது, முதல் பால், இரண்டாம் பால் எல்லாம் கையிலேயே நடந்தது.

பாட்டி வீட்டில் உடுத்துவது லேசோ. பளிச்சென்று பூப்போட்ட பருத்தித் துணி, ஜோடியாக விற்கும், ஒன்று இடுப்புக்கு, ஒன்று தலைக்கு. ஓரத்தில் சுவாஹிலியில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். அம்மா ஒருநாள் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, “நல்ல கலரு என்னா?” என்றாள். தமிழ் தெரியாவிட்டால் என்ன, விரல் தடவினது புரியாதா? பாட்டி முழங்காலில் கை ஊன்றி எழுந்து உள்ளே போனாள். அங்கே ஒரு பொருளைப் புகழ்ந்தால் அது நம் மடிக்கு வந்துவிடும் என்று நான் அம்மாவிடம் முன்னமே சொல்லியிருந்தேன். வந்தது. மடிப்புக் கலையாத புது ஜோடி, ஆரஞ்சும் கறுப்பும்.

அம்மா நம் முறைப்படி ஆரம்பித்தாள். “ஐயோ, எதுக்கும்மா இதெல்லாம்?” இரண்டு கையையும் ஆட்டினாள். பாட்டி அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா எடுத்துப் பாட்டி மடியில் வைத்தாள். பாட்டி மறுபடி வைத்தாள், அம்மா மறுபடி திருப்பினாள். அடுத்த தடவை பாட்டி வைக்கவில்லை. துணி அவள் மடியிலேயே கிடந்தது, அவள் மருமகளைப் பார்த்து ஏதோ கேட்டாள். மருமகள் என்னிடம் சொன்னாள், “உங்க அம்மாவுக்கு நிறம் பிடிக்கலையான்னு கேக்கறாங்க. பழசுன்னு நினைச்சுட்டாங்களோன்னு வருத்தப்படறாங்க.”

“அம்மா, பேசாம வாங்கிக்கோ.”

“சும்மா எப்படிட்டி வாங்குகது?”

“சும்மாதான்.”

அம்மா வாங்கிக்கொண்டாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஒற்றலைப் பார்த்ததும் பாட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அம்மாவின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

ஆனால் அம்மா சொன்ன அந்த ‘சும்மா எப்படி’ அவள் மனசை விட்டுப் போகவே இல்லை. மறுநாளே முறுக்குப் பிழிந்து அனுப்பினாள். தட்டு வெறுமனே திரும்பவில்லை, பேரீச்சம்பழப் பாகு ஊற்றின ரொட்டி வந்தது. அந்தத் தட்டில் அம்மா அதிரசம் வைத்தாள். அதற்கு மண்டாசி வந்தது, ஏலக்காய் மணக்கிற ஆப்பிரிக்க போண்டா. நோன்பு மாதம் பிறந்ததும் இந்தப் போட்டி உச்சிக்குப் போனது. மக்ரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் தெருவெல்லாம் பிள்ளைகள் மூடின தட்டோடு ஓடுகிற நேரம் அது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து எதிர் வீட்டுக்கு. பகலில் நோன்பில்லாதவர்களும் வெளியே தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, அது சட்டம். ஹோட்டல்கள் மூடிக் கிடக்கும். அலுவலகம் ஆறு மணி நேரம்தான். ஊரே தூங்கி வழிகிற மாதிரி இருக்கும் அந்தப் பகலுக்கும், பாங்கு சொன்ன பிறகு வருகிற ராத்திரிக்கும் சம்பந்தமே இருக்காது. பதினாலாம் இரவில் கரன்கஷோ. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பாடிக்கொண்டே வீடு வீடாகப் போவார்கள், மிட்டாயும் கடலையும் போட வேண்டும். எங்கள் மகளும் கூடப் போய்ப் பை நிறைய அள்ளி வந்தாள். அம்மா அதையும் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்மா சைவம். இதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஓமானி விருந்தில் பெரிய தாம்பாளத்தில் சோறு வரும், மேலே இறைச்சி. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அவரவர் முன்னால் இருக்கிற பங்கைச் சாப்பிடுவார்கள். நல்ல துண்டாகப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளுவது வீட்டுக்காரரின் உரிமை. அதை எப்படித் தடுப்பது? தடுக்க வேண்டி வரவில்லை. “பனியான்?” என்று கேட்டுவிட்டுப் பாட்டி தலையை ஆட்டிக்கொண்டாள். மஸ்கட்டுக்கு சைவம் புதிதல்ல. பனியான் என்று அங்கே சொல்லப்படுகிற கட்ச் பக்கத்துப் பாட்டியா வணிகர்கள் நூற்றாண்டுகளாகக் கடை வைத்திருக்கிறார்கள். பழைய மஸ்கட்டில் அவர்கள் கும்பிடும் சிவன் கோயில் இன்றைக்கும் உண்டு. கிம்ஜி ராம்தாஸ் குடும்பத்தின் கடை 1870-இல் தொடங்கியது. அந்தக் குடும்பத்து கனக்சி கிம்ஜிக்கு சுல்தான் காபூஸ் குடியுரிமையோடு ஷேக் பட்டமும் கொடுத்தார், இந்து ஒருவர் ஷேக் ஆனார். பாட்டியின் அப்பா காலத்தில் மஸ்கட்டில் புழங்கியதும் இந்திய ரூபாய்தான். அப்புறம் வளைகுடா ரூபாய் வந்து, 1970-இல்தான் சொந்த ரியால் வந்தது. சில்லறைக்கு இன்னமும் பைசா என்றுதான் பெயர், ஆனால் ரியாலுக்கு 1,000. பாட்டி வீட்டு விருந்தன்று அம்மாவுக்குத் தனித் தட்டில் தேங்காய்ப் பால் சோறும், தேங்காய்ப் பாலில் வெந்த பயறும் வந்தன. “இது நம்ம வீட்டுத் தேங்காச் சோறுல்லா” என்றாள். பக்கத்தில் ஆட்டுக்கறி மணத்துக்கொண்டிருந்தது. முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டாள். அதையும் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வேறு மாதிரி. இவர் காரியக்காரர். போனை எடுத்தால் ‘அந்த டிராயிங் என்ன ஆச்சு’ என்றுதான் ஆரம்பிப்பார். அங்கே அது செல்லாது. சலாம், எப்படி இருக்கிறீர்கள், உடம்பு எப்படி, என்ன சேதி, வேறென்ன சேதி, பிள்ளைகள் எப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் ‘அல்ஹம்துலில்லா’தான் பதில். வீடு பற்றி எரிந்தாலும் முதல் சுற்றில் சேதி நல்ல சேதிதான், எரிகிற சேதி அதற்கப்புறம் வரும். மேலதிகாரி அறைக்குள் இவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் உள்ளே வருவார், எல்லாரும் எழுந்து கை கொடுப்பார்கள், சலாம் வரிசை முழுக்க மறுபடி நடக்கும், அவருக்கும் கஹ்வா வரும். முதல் வருஷம் இவர் வீட்டுக்கு வந்து கத்துவார். போகப்போக அந்தச் சுற்றிலேயே எதிராளியின் குரலை வைத்து டிராயிங் இன்றைக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்லிவிடுகிற அளவுக்குத் தேறினார். ஆணுக்கு ஆண் மனைவியைப் பற்றி நேராக விசாரிப்பதில்லை, ‘வீட்டில் எல்லாரும் நலமா’ என்பதோடு சரி. ஓமானிப் பெண் அதிகாரி முன்னால் இவராகக் கை நீட்டுவதில்லை. அவர் நீட்டினால் குலுக்குவார், நெஞ்சில் கை வைத்தால் இவரும் வைப்பார். இதில் குழம்ப எதுவுமில்லை. எங்கள் அத்திம்பேர் ஒருவர் இதைக் கேட்டு “என்ன பத்தாம்பசலி” என்றார். அவர் தன் மருமகளிடம் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை.

2007 ஜூனில் கோனு புயல். அம்மா வருவதற்கு வெகு முன்னால். அல் குவைர் தெருவில் காட்டாறு புகுந்தது. எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. பாட்டியின் மகன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து எங்கள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் மாடியில் எங்களைப் போல வேறு இரண்டு குடும்பங்களும் இருந்தன, ஒன்று வங்காளி, ஒன்று சூடானியர். எல்லாரும் நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கிறோம். வெளியே யாருடைய காரோ மிதந்து போகிறது. அந்த நேரத்திலும் முதலில் வந்தது பேரீச்சம்பழத் தட்டும் தல்லாவும்தான், கேஸ் அடுப்பில் போட்ட கஹ்வா. சிறுமி வரிசை தவறாமல் வலதுபக்கமாக ஊற்றிக்கொண்டு வந்தாள். குடித்தோம். அதற்குப் பிறகுதான் மாற்றுத் துணி, போர்வை, எங்கே படுப்பது என்கிற பேச்செல்லாம். அப்புறம் பல நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. முன்பின் தெரியாத இளவட்டங்கள் பிக்கப்பில் தண்ணீர்க் கேன்களைக் கொண்டுவந்து வாசல்தோறும் இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போகும்போது ருசைல் பக்கத்து லேபர் கேம்பை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இராமநாதபுரத்து ஆட்கள், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள், பத்து வருஷம், பதினைந்து வருஷம் இருந்தவர்கள். அவர்களில் யாரும் ஃபின்ஜான் கோப்பையைக் கையில் வாங்கியதில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஓமானி என்றால் அரபாப் என்கிற முதலாளி, இல்லாவிட்டால் போலீஸ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மத்தியானம் 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நேரத்தில் பாலத்தடியில் அட்டையை விரித்துப் படுத்திருப்பார்கள். விருந்தோம்பல் என்பது வீட்டுக்குள் நுழைய முடிந்தவருக்குத்தான். எங்களை உள்ளே விட்டது இவருடைய உத்தியோகமும் பக்கத்து வீடாக அமைந்ததும். இதைச் சொல்லாமல் பாட்டி வீட்டுக் காபியை மட்டும் புகழ்ந்தால் பாதிக் கதைதான். ஆனால் நோன்பு மாதத்தில் மசூதி முற்றங்களில் பிளாஸ்டிக் விரிப்பு நீளமாக விரிப்பார்கள். பேரீச்சம்பழம், மோர், பெரிய தட்டில் சோறு. வரிசையில் உட்காருகிறவனிடம் நீ என்ன மதம், நோன்பு வைத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. கேம்பில் இருந்த ஒரு பையன், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன், நெற்றியில் திருநீறோடு போய் உட்கார்ந்ததாகவும் முதல் தட்டே தன் முன்னால்தான் வந்ததாகவும் சொன்னான்.

அந்த லேசோ அம்மாவுக்கு ஒரு நாள் சரியாகப் பயன்பட்டது. 2001-இல் திறந்த சுல்தான் காபூஸ் பெரிய மசூதியைப் பார்க்கப் போனோம். மற்ற மதத்தவருக்கு வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரை. பெண்கள் தலைமுடி, கை, கணுக்கால் எல்லாம் மூடியிருக்க வேண்டும். புடவையில் இடுப்பு தெரியும் என்று வாசலில் திருப்பி அனுப்புவார்கள், வாடகை அபாயா எடுத்துக்கொள்ளலாம் என்று நான் யோசித்தேன். அம்மா பெட்டியிலிருந்து லேசோவை எடுத்து ஒன்றைப் புடவைக்கு மேல் சுற்றி, ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். வாசல் காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு “ஜஞ்சிபாரி?” என்று சிரித்தார், விட்டுவிட்டார். உள்ளே 70 மீட்டருக்கு 60 மீட்டர் ஒரே கம்பளம், இரானியப் பெண்கள் 600 பேர் நாலு வருஷம் உழைத்தது. பார்க்க வருகிறவர்கள் அதன் மேல் நடக்காமலிருக்க நீல விரிப்பில் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். வெளியே வரும்போது தகவல் மையத்தில் பெண்கள் உட்கார வைத்துக் கஹ்வா கொடுத்தார்கள். அம்மா ஒன்று குடித்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே கோப்பையை இரண்டு குலுக்குக் குலுக்கி நீட்டினாள்.

அம்மா ஊருக்குக் கிளம்பும் முன் பாட்டி வீட்டில் விருந்து. சாப்பாடு, பழம், அல்வா, கஹ்வா எல்லாம் முடிந்து பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் ஒரு தட்டில் அத்தர்ப் புட்டிகளைக் கொண்டுவந்தாள். மணிக்கட்டில், காதோரத்தில் தடவினாள். அதற்குப் பின்னால் தூபக்கால், தென் ஓமானின் தோஃபார் பக்கத்து வர்ணம் பூசிய மண் சட்டி. கரியின் மேல் லுபான் கட்டிகள். சலாலாவுக்கு வடக்கே மலைகளுக்கு அப்பால் வறண்ட ஓடைகளில் நிற்கிற மரம் அது. பட்டையைச் சீவிவிட்டால் பால் வடிந்து காய்ந்து கட்டியாகும். வெளிறிய பச்சை ஓடுவது உசத்தி. ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குத் தூபக்கால் போனது. தலைத்துணியை முன்னால் தூக்கிப் பிடித்துப் புகையைக் கூந்தலுக்குள் விட்டுக்கொண்டார்கள். அம்மா அதைச் சாம்பிராணி என்றே சொன்னாள். முந்தானையை விரித்துப் புகையை வாங்கினாள், எழுந்தாள், “வா, கிளம்பலாம்” என்றாள்.

ஊத் என்கிற அகில் புகை வந்த பிறகு உட்காருவதில்லை என்று வளைகுடாவில் சொலவடையே உண்டு. நான் அதை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று படியிறங்கும்போது கேட்டேன்.

“வெத்தல பாக்கு குடுத்தாச்சுன்னா எழுந்திரிக்கணும்லா? இதென்ன கேள்வி.”

அந்த ஒன்றில் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

பாட்டி இறந்தபோது அம்மா பாளையங்கோட்டையில் இருந்தாள். அன்றைக்கே அடக்கம். மூன்று நாள் துக்கம் கேட்பார்கள், ஆண்கள் மசூதியை ஒட்டிய கூடத்தில், பெண்கள் வீட்டில். அதே அறை, அதே மெத்தை. நான் போனபோது பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தம் போட்டு அழவில்லை, அது அங்கே பொறுமைக் குறைவு. நம் பக்கத்தில் இழவு வீட்டு வாசலிலேயே ஒருத்தி எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுவாள், நமக்கும் அழ வசதியாக இருக்கும். இங்கே வரிசையாகக் கை கொடுத்து, ஆறுதல் வார்த்தை சொல்லி, உட்கார்ந்து, பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு ஊற்றியது அந்தச் சிறுமிதான், இப்போது சிறுமியில்லை, கல்லூரி முடித்தவள். இரண்டு கோப்பை ஊற்றினாள். கிளம்பும்போது நம் வழக்கப்படி ‘போயிட்டு வாரேன்’ சொல்லாமல் எழுந்தேன். மருமகள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாள். அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா அங்கே நன்றாகவே சத்தம் போட்டு அழுதாள்.

மஸ்கட்டின் மத்ரா சந்தையில் பேரம் பேசி வாங்கின பித்தளைத் தல்லாவும் ஆறு ஃபின்ஜானும் பாளையங்கோட்டை அலமாரியில் இருக்கின்றன. போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது தாய்மாமா வந்தார். அம்மா தல்லாவில் ஃபில்டர் காபியை ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து, ஃபின்ஜானில் ஒரு வாய் அளவுக்கு விட்டு மாமாவிடம் நீட்டினாள். மாமா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னட்டி, பால்காரன் வரலியா?”

“குடிண்ணே.”

குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். அம்மா மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு நீட்டினார். மறுபடி ஊற்றினாள். மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நாலாவது கோப்பையில் அவர் “போதும்ட்டி” என்று உள்ளங்கையால் மூடப் பார்த்தார். “போதும்னு வாயால சொல்லப்பிடாதுண்ணே, குலுக்கணும்” என்று அம்மா விரலை விலக்கிவிட்டு ஊற்றினாள்.